குளிசை கொடுத்தால் கடமை முடிந்ததா?

மலையகத்துக் குழந்தைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்தாயிற்று. ஆகவே அவர்களுடைய வயிற்றைப் பற்றி இனி எவரும் கவலைகொள்ள வேண்டியதில்லை என்ற எண்ணம் ஆட்சியாளரிடையேயும், தோட்டக் கம்பனிகளிடையேயும், ஏன், படித்த தமிழர் பலரிடையேயுங்கூட வேரூன்றிவிட்டது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயில் ஒரு குளிசையைப் போட்டு, பதிவேட்டில் ஒரு கோடு கீறிவிட்டால் கடமை முடிந்தது! இதுதான் பொதுச் சுகாதாரம் என்றால், அக்குளிசையை விழுங்கிய பின்னும் வாரக்கணக்கில் வயிற்றோட்டத்தால் வாடி மெலியும் குழந்தை யாருடைய பொறுப்பு? இக்கேள்வியை நாம் இன்று எழுப்புகிறோம். விடை கூறக் கடமைப்பட்டோர் பலர். அவர்களுள் எம்மவரும் உளர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நாம் குளிசைக்கு விரோதிகள் அல்லர். 1992-இல் தோட்டப்புறக் குழந்தைகளிடையே நடைபெற்ற ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் குடலில் வட்டப்புழு, சாட்டைப்புழு, கொழுக்கிப்புழு ஆகிய மூன்றில் ஒன்றேனும் குடியிருந்தது. 1994-இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தோட்டங்களில் பெருந்திரளாகப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. 2009-இல் தோட்டப்புறப் பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது அத்தொகை நூற்றுக்கு 29 ஆக இறங்கியிருந்தது. 2017-இல் ஆரம்பப் பாடசாலை மாணவரிடையே நாடளாவிய முறையில் நடத்திய ஆய்வில் நாட்டின் தொகை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஒன்பது. குளிசையாற் பயன் விளைந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று. அதனை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். ஆனால், நாடு முழுவதும் ஒழியும் நிலையை எட்டிய ஒரு தொற்று, தேயிலை மலைகளில் மட்டும் ஒன்பது மடங்காக எஞ்சி நிற்கிறது என்பதற்கும் அவ்வெண்களே சான்று.

கணக்கில் வராத குழந்தை

இதனினும் முக்கியமானது, அவ்வெண்கள் எதைக் காட்டவில்லை என்பதாகும். இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகக் கையாளப்படுவது கேட்டோ-காட்ஸ் என்னும் முறை. சிறு துளையுள்ள தட்டொன்றால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்தெடுத்து, கிளிசரினில் ஊறிய மெல்லிய தாளால் மூடி அழுத்தி, நுணுக்குக்காட்டியின் கீழே புழுக்களின் முட்டைகளை எண்ணுவார்கள். எண்ணிய தொகையை 24 ஆற் பெருக்கினால் ஒரு கிராம் மலத்திலுள்ள முட்டைகளின் தொகை கிடைக்கும். புழுவை எண்ணுவதற்கு இது நல்ல முறைதான். ஆயினும் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. முட்டையிடும் புழுவை மட்டுமே அது காட்டும். ஒருகல ஒட்டுண்ணிகளைக் காட்டாது. அன்றியும், நீராகப் போகும் மலத்தில் அம்முறையைச் செய்யவே இயலாது.

இதன் பொருளை வாசகர்கள் ஒருகணம் சிந்திக்கவேண்டும். வயிற்றோட்டத்தால் வருந்தும் குழந்தையின் மலம் இக்கணக்கெடுப்பின் வாயிலுக்கே வரமுடியாதது. மேலும், 2009-இலும் 2017-இலும் சோதிக்கப்பட்டவர்கள் பாடசாலைப் பிள்ளைகள்; வயிற்றோட்டம் மிகுதியாகத் தாக்குவதோ ஐந்து வயதுக்குட்பட்ட பாலகரை. பிள்ளை மடுவத்தில் தொட்டிலிற் கிடப்பவர்களை எந்தப் பாடசாலைப் பதிவேட்டில் தேடுவது? ஆக, புழு குறைந்தது என்ற நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வயிற்றோட்டக் குழந்தையின் குடலில் என்ன இருக்கிறதென்பதை நாம் அறிந்துவிட்டதாக எண்ணுவது, அடுத்த வீட்டு நெல்லை அளந்துவிட்டு எம் வீட்டுப் பானை நிறைந்ததென்று மகிழ்வதை ஒக்கும்.

குளிசைக்கு அஞ்சாத பகைவர்கள்

நாள்பட்ட வயிற்றோட்டத்திற் சந்தேகிக்கப்படவேண்டிய ஒட்டுண்ணிகள் யாவை? ஜியார்டியா ஒன்று, கிரிப்டோஸ்போரிடியம் இன்னொன்று, இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா மற்றொன்று. இவை மூன்றும் ஒருகல உயிர்கள்; புழுக்கள் அல்ல. புழுவினத்தைச் சேர்ந்த ஸ்ட்ரோங்கிலொயிடிஸும் நீடித்த வயிற்றோட்டத்துக்குக் காரணமாவதுண்டு. சாட்டைப்புழு பெருந்தொகையாகப் பெருகினால் இரத்தமும் சளியும் கழியும். சில குழந்தைகளுக்கு மலக்குடலே வெளித்தள்ளும். வட்டப்புழுவும் கொழுக்கிப்புழுவும் செய்யும் கேடு வேறு வகையானது: ஒன்று குடலை அடைக்கும், மற்றது குருதியை உறிஞ்சிச் சோகையாக்கும்.

இவற்றுக்கெதிராக ஆண்டுக்கு ஓரிரு முறை கொடுக்கும் ஒற்றைக் குளிசையின் வலிமை எவ்வளவு? 2008-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கணக்குக் காட்டுகிறது. 500 மில்லிகிராம் மெபென்டசோல் ஒருவேளை கொடுத்தால் வட்டப்புழு நூற்றுக்கு 95 பேரிடம் ஒழிகிறது. சாட்டைப்புழு 36 பேரிடந்தான் ஒழிகிறது. கொழுக்கிப்புழுவோ 15 பேரிடம் மட்டுமே. அல்பென்டசோல் கொழுக்கிப்புழுவுக்குச் சிறந்தது, 72 பேர். சாட்டைப்புழுவுக்கு அதுவும் 28 பேருக்கு மேல் உதவவில்லை. ஸ்ட்ரோங்கிலொயிடிஸ் ஒருவேளை மெபென்டசோலுக்கு அசைந்து கொடுப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியத்தை அக்குளிசை தீண்டுவதேயில்லை. ஜியார்டியாவுக்கும் அமீபாவுக்கும் மருந்துகள் வேறு.

எனவே, "பூச்சிக் குளிசை கொடுத்தோமே, பின்னும் ஏன் வயிற்றாலே போகிறது?" என்று தாயைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அக்குழந்தைக்கு எந்த நோய் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பாராமலே மருந்து கொடுத்தோம். மருந்து பலிக்காதபோது தாயின் கைகளில் அழுக்கென்றோம். இதற்குப் பெயர் வைத்தியமா?

எல்லா வயிற்றோட்டமும் பூச்சியால் வருவதன்று

உணர்ச்சிவசப்பட்டு உண்மையை மிகைப்படுத்துவது எமது நோக்கமன்று. குழந்தைகளுக்கு வரும் வயிற்றோட்டத்தின் பெரும்பகுதி வைரசுகளாலும் பக்டீரியாக்களாலும் வருவது. சில நாட்களில் தானே தணிவது. அவ்வேளையில் உயிரைக் காப்பது நுணுக்குக்காட்டியன்று, ஜீவனியாகும். இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்யவேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. 2004-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டாக அறிவுறுத்தியவாறு, நாகச்சத்து 20 மில்லிகிராம் வீதம், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையாயின் 10 மில்லிகிராம் வீதம், பத்து முதல் பதினான்கு நாட்கள் கொடுக்கவேண்டும். சோதனை முடிவு வரட்டும் என்று ஜீவனியைத் தாமதிப்பவர் எவராயினும் அவர் குழந்தைக்குத் தீங்கிழைப்பவராவார்.

ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஏழு இடங்களில் நடத்தப்பட்டு 2013-இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான பேராய்வொன்று இவ்விடயத்தில் எமது கண்ணைத் திறக்கத்தக்கது. கொல்கத்தாவும் கராச்சியும் அவ்வேழில் அடங்கும், இலங்கை அடங்காது. கடுமையான வயிற்றோட்டங்கொண்ட 9,439 பாலகரும், ஒப்புநோக்குக்காக வயிற்றோட்டமில்லாத 13,129 பாலகரும் அங்கே சோதிக்கப்பட்டனர். முதலிடம் பெற்ற நான்கு காரணங்களுள் ஒன்று மட்டுமே ஒட்டுண்ணி. அது கிரிப்டோஸ்போரிடியம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரோட்டா வைரசுக்கு அடுத்ததாக நின்றது அதுவே. ஜியார்டியாவோ, நோயுற்ற குழந்தைகளைவிட நோயற்ற குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டது!

இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் இரண்டு. ஒட்டுண்ணி கண்ணிற் பட்டதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று துள்ளிக் குதிக்கலாகாது. அதேவேளை, சாதாரண சோதனையிற் கண்ணிற் படாததொன்று குழந்தையைக் கொன்றுகொண்டிருக்கவும் கூடும். ஆகவே எல்லாக் குழந்தைகளின் மலத்தையும் ஆய்வுகூடத்திற் குவிக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பதினான்கு நாட்களோ அதற்கு மேலோ நீடிக்கும் வயிற்றோட்டம்; இரத்தம் கலந்த வயிற்றோட்டம்; மெலிந்து குன்றிய குழந்தைக்கு மீண்டும் மீண்டும் வரும் வயிற்றோட்டம் – இம்மூன்றிலும் மலத்தைச் சோதியாது மருந்தெழுதுவது தவறு என்கிறோம். இது பேராசையா? உலகெங்கும் வைத்திய நூல்கள் கூறுவதே இது.

பார்க்கத் தெரிந்தால் தெரியும்

"மலம் சோதித்தோம், ஒன்றுமில்லை" என்று எழுதிய தாளோடு திரும்பும் தாய்மார் உண்டு. ஒன்றுமில்லையா, ஒன்றும் பார்க்கப்படவில்லையா என்று கேட்பார் இல்லை. சோதனையென்பது ஒரு சொல். அதனுள் அடங்கிய வேலை பல.

நீர்த்த மலத்தில் உயிரோடு நகரும் அமீபாவையும் ஜியார்டியாவையும் காணவேண்டுமாயின் மலம் கழிந்து ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் பார்த்தல் வேண்டும். காலையில் லயத்திற் சேர்த்த மலம் பஸ்ஸில் ஏறி மதியத்தில் நகர வைத்தியசாலையை அடைந்தால், அங்கே அவற்றின் பிணந்தான் இருக்கும். அதுவும் அடையாளம் தெரியாது சிதைந்திருக்கும். ஜியார்டியாவின் கூடுகளோ நாள்தோறும் வெளிவருவதில்லை. ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஒரே ஒரு மாதிரியைப் பார்த்து இல்லை என்று தீர்ப்பெழுதினால், நோயுள்ள குழந்தைகளிற் பலரைத் தவறவிடுவோம். இடைவிட்டு மூன்று நாட்கள் மூன்று மாதிரிகளைப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிடிபடுவர். போமலினும் ஈதரும் சேர்த்துச் சுழற்றி வண்டலைத் திரட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

கிரிப்டோஸ்போரிடியம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் அதில் நான்கைந்து கூறு அளவே உள்ளது. வழக்கமான உப்புநீர்ப் பூச்சில் அது ஈஸ்ட் போலத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். அதற்கென்று சாயமேற்றிப் பார்த்தால்தான் சிவந்த மணிபோலத் தெரியும். அச்சாயம் ஏழு கடலுக்கு அப்பாலுள்ளதன்று. சயரோகக் கிருமியைக் காணச் சளிக்கு ஏற்றுகிறார்களே, அதே காபோல் பியூக்சின்தான்! நிறம் நீக்கும் அமிலத்தைச் சற்று நலிவாக்கினாற் போதும். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் அலுமாரியிலுள்ள போத்தலை மலத்துக்காகத் திறப்பதற்கு ஓர் அமைச்சரவைத் தீர்மானம் வேண்டுமா?

அமீபாவின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே காணாமை குற்றமன்று. கண்டதும் நம்புதலே குற்றம். நோயுண்டாக்கும் ஹிஸ்டோலிட்டிக்காவும், தீங்கற்ற டிஸ்பாரும் நுணுக்குக்காட்டியின் கீழ் இரட்டைப் பிள்ளைகள். அதனாலேயே, கூட்டை மட்டும் கண்டு நோயற்றவருக்கு மருந்து கொடுக்கலாகாதென 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு எச்சரித்தது. குருதிக் கலங்களை விழுங்கிய அமீபாவைப் புதிய மலத்திற் கண்டால் மட்டுமே ஐயம் நீங்கும். பாலகரின் இரத்தக்கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் அமீபாவன்று, சிகெல்லா என்னும் பக்டீரியாவே. அதனை அமீபாவென்று எண்ணி மெட்ரோனிடசோல் கொடுத்து நாட்களைக் கடத்துவதால் இழக்கப்படுவது உயிராகவும் இருக்கலாம்.

1681-இல் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகரான லேவன்ஹுக், தாமே தீட்டிய கண்ணாடி வில்லையினூடாகத் தமது மலத்தைப் பார்த்து, இன்று நாம் ஜியார்டியா என்றழைக்கும் உயிரைக் கண்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. ஒரு துணி வணிகரின் வீட்டிற் காணமுடிந்ததை, உலகுக்குத் தேயிலை அனுப்பும் தோட்டத்தின் மருந்தகத்திற் காண இன்னும் எத்தனை நூற்றாண்டுகள் வேண்டும்?

முடியாது என்பவர் முன்பு முடித்தது எவ்வாறு?

பணமில்லை, ஆளில்லை, பாதையில்லை என்ற பழைய பாட்டைப் பாடுவோருக்கு இந்த நாட்டின் வரலாற்றையே சான்றாகக் காட்டுவோம். இலங்கை மலேரியாவை ஒழித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எவ்வாறு முடிந்தது? காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் குத்துமதிப்பாக மருந்தை அள்ளிக் கொடுத்தா? இல்லை. குருதித் துளியைக் கண்ணாடியில் பூசி, நுணுக்குக்காட்டியிற் பார்த்து, ஒட்டுண்ணியின் இனத்தை அறிந்து, அதற்குரிய மருந்தைக் கொடுத்தார்கள். காட்டோரக் கிராமங்களுக்கும் போர் நடந்த வன்னிக்கும் அந்தப் பணி சென்றது. அதற்கெனப் பயிற்றப்பட்ட ஆய்வுகூட உத்தியோகத்தர்களும் உருவாகினர். குருதியில் ஒட்டுண்ணியைத் தேடக் கற்ற கண் மலத்தில் ஒட்டுண்ணியைத் தேட மறுக்குமா? மறுப்பது கண்ணன்று, மனம்.

தோட்டப்புறத்தில் அந்த மனம் ஏன் இல்லாது போயிற்று என்பதை அறிய நூறாண்டு பின்செல்லவேண்டும். 1916-இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கிற்று. தொழிலாளருக்கு மருந்து கொடுப்பதை வரவேற்ற தோட்டத்துரைமார் பலர், மலசலகூடம் கட்டுவதற்குச் செலவிடத் தயங்கினர். மருந்துண்டவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். புழு இந்தியாவிலிருந்து கூலிகளோடு வந்தது என்றார்கள். அது தங்கிப் பெருகிய மண் யாருடையது என்று கேட்கவில்லை. அவ்வியக்கத்திற் கற்ற பாடங்களின் பயனாக 1926-இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது; இன்று நாடெங்கும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கு அதுவே முன்னோடி. தோட்டத் தொழிலாளியின் குடலிற் கற்ற பாடத்தால் நாட்டின் சுகாதாரம் வளர்ந்தது. தோட்டத் தொழிலாளி மட்டும் பல பத்தாண்டுகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டான்!

1948-இல் அவனுடைய குடியுரிமையைப் பறித்தார்கள். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை தந்தது. ஆனால் குடியுரிமை கடதாசியில் வந்த வேகத்தில் சுகாதாரம் லயத்துக்கு வரவில்லை. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990-களில் தொடங்கி, இன்னும் முற்றுப்பெறாது இழுபடுகிறது. அரசைக் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறது. கம்பனியைக் கேட்டால் அரசைக் காட்டுகிறது. இடையே நிற்கும் தாய், பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழுப்பேரை இழக்கவேண்டும். மூன்று நாட்கள் மூன்று மாதிரிகள் என்றால் மூன்று பேர்! சோதனை இலவசந்தான், சோதனைக்குச் செல்லும் வழி இலவசமன்று.

இதன் விளைவை 2016-இன் குடித்தொகை சுகாதார அளவீட்டில் காணலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாட்டில் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. இதற்கு வறுமையும் தாயின் போசாக்கின்மையும் உட்படக் காரணங்கள் பல. ஆயினும், நீடித்த குடல் தொற்று உண்ட உணவை உடலிற் சேரவிடாது என்பது ஐயத்துக்கிடமற்றது. ஓட்டைப் பானையில் நீரூற்றுவது போல் சத்துமா வழங்கிப் பயனென்ன? ஓட்டை எங்கே என்று பாருங்கள் என்கிறோம்.

வடக்கும் கிழக்கும் வாளாவிருக்கலாமா?

"இது மலைநாட்டுச் சங்கதி, எமக்கென்ன?" என்று யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னி விவசாயியும் எண்ணிவிடவேண்டாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. அடுத்த வளவு மலசலகூடக் குழியின் கழிவு எம் கிணற்றை அடைய நெடுந்தூரம் நடக்கவேண்டியதில்லை. குடாநாட்டுக் கிணறுகளில் மலக் கிருமிகள் காணப்பட்டமை பலமுறை ஆராய்ந்து கூறப்பட்டுள்ளது. அமீபாவினால் ஈரலிற் சீழ்க்கட்டி உண்டாகும் நோய் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக நிலைத்திருப்பதையும், கள்ளருந்துவோரை அது மிகுதியாகத் தாக்குவதையும் வைத்தியர்கள் அறிவர். ஹிஸ்டோலிட்டிக்கா எம் ஊரில் விருந்தாளியன்று, குடியிருப்பாளன்.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரீன் இடுகிறோம். அது நல்லதே; பக்டீரியாக்கள் மடியும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் அந்த அளவுக் குளோரீனுக்குச் சாவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், குளோரீன் இட்டுச் சுத்திகரித்த குழாய்நீரின் மூலமே ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் அதனால் நோயுற்றனர். கொதிக்கவைத்த நீர் ஒன்றே வீட்டுக்கு நம்பிக்கையானது. மாட்டுக் கன்றின் சாணத்திலும் அவ்வொட்டுண்ணி இருக்கக்கூடும். பட்டியிலிருந்து வந்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது பிள்ளையைத் தூக்கலாகாது. இது விவசாயப் பெருமக்கள் இன்றே செய்யக்கூடியது. எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

எம்மவரிடமும் ஒரு வார்த்தை

பிறரைக் குற்றஞ்சாட்டிவிட்டு எம்மவரை வாழ்த்தி முடிப்பது எமக்கு வழக்கமன்று. தமிழ் வைத்தியப் பெருமக்களே! வயிற்றோட்டம் என்றதும் மெட்ரோனிடசோல் எழுதும் பேனா உங்களிற் சிலரிடமும் உண்டு. மலத்தைச் சோதிக்கச் சொல்லும் மூன்று வரிகளை எழுத அந்தப் பேனாவில் மை இல்லையா? மருந்துக்கடை நடத்துவோரே! சீட்டின்றிக் கேட்டவருக்கு அதே மருந்தை எண்ணிக் கொடுப்பது வியாபாரமாகலாம்; வைத்தியமாகாது. ஆய்வுகூடத்தாரே! எத்தனை மாதிரி பார்த்தீர்கள், எந்தச் சாயமிட்டீர்கள், எத்தனை மணி நேரம் பழகிய மலம் என்பவற்றை அறிக்கையில் எழுதுங்கள். "ஒன்றுமில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளியாதீர்கள். பெற்றோரே! பல்லைக் கடித்தால் பூச்சி, தூக்கத்தில் எச்சில் வடிந்தால் பூச்சி என்று பேதி கொடுப்பதை நிறுத்துங்கள். வயிற்றோட்டத்தால் வாடும் பிள்ளைக்கு மேலும் பேதி கொடுப்பது, எரியும் கூரைக்கு எண்ணெய் தெளிப்பதாகும்.

எமது கோரிக்கைகள்

கண்டித்தால் மட்டும் போதாது. செய்யவேண்டியதைச் சொல்லவும் வேண்டும்.

முதலாவது: தோட்டப்புறத்தில் பதினான்கு நாட்களுக்கு மேற்பட்ட வயிற்றோட்டமும் இரத்தங்கலந்த வயிற்றோட்டமும் கொண்ட ஒவ்வொரு பாலகருக்கும் மலச் சோதனை உரிமையாக்கப்படவேண்டும். தோட்ட மருந்தகங்கள் பலவற்றுக்கு நடுவே நுணுக்குக்காட்டியோடு கூடிய ஓர் ஆய்வுகூடமேனும் அமையவேண்டும்; மாதிரி அங்கே அரை மணி நேரத்துள் சேரமுடியாத இடங்களில், கழிந்த உடனேயே அதனைப் போமலினில் இட்டுப் பாதுகாத்து அனுப்பும் போத்தல்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கவேண்டும்.

இரண்டாவது: அச்சோதனைகளில் கிரிப்டோஸ்போரிடியத்துக்கான சாயமிடுதல் கட்டாயமாகவேண்டும், ஜியார்டியாவையும் ஹிஸ்டோலிட்டிக்காவையும் இனங்காட்டும் விரைவுச் சோதனைகள் மாவட்ட வைத்தியசாலைகளிலேனும் கிடைக்கவேண்டும்.

மூன்றாவது: மலேரியா இயக்கத்திற் பயின்ற நுணுக்குக்காட்டித் திறன் வீணாகாது, குடல் ஒட்டுண்ணிகளைக் காணும் பணிக்கும் பயன்படுத்தப்படவேண்டும்.

நான்காவது: நோயுற்ற பிள்ளையைச் சோதனைக்குக் கொண்டுசெல்லும் தாயின் பேர் வெட்டப்படலாகாது. அது கம்பனி செய்யும் தருமமன்று, செலுத்தவேண்டிய கடன்.

ஐந்தாவது: கணக்கெடுப்புகள் பாடசாலை வாசலோடு நில்லாது பிள்ளை மடுவத்துக்குள்ளும் நுழையவேண்டும், புழுக்களை மட்டுமன்றி ஒருகல ஒட்டுண்ணிகளையும் எண்ணவேண்டும்.

ஆறாவது: இவை யாவும் நடந்தாலும், லயத்துக்கு லயம் தூய குடிநீரும் வீட்டுக்கொரு மலசலகூடமும் இல்லையேல், கண்டுபிடித்த ஒட்டுண்ணியையே மீண்டும் மீண்டும் கண்டுபிடித்துக்கொண்டிருப்போம். 1916-இல் மாத்தளை கற்பித்த பாடத்தை மீண்டும் ஒரு நூறாண்டு மறக்க எவருக்கும் உரிமையில்லை.

"இத்தனை பெரிய அரசியற் பிரச்சினைகள் இருக்க, குழந்தையின் மலத்தைப் பற்றியா இவ்வளவு பேச்சு?" என்று நகைப்போர் இருக்கலாம். அவர்களுக்கு நாம் கூறுவது இது: உரிமை என்பது மேடையில் முழங்குவதற்கான சொல் மட்டுமன்று. ஒரு குழந்தை நோயுற்றால், அந்நோய் எதுவென்று அறியப்படுவதும் அக்குழந்தையின் உரிமை. கொழும்பிற் செல்வரின் பிள்ளைக்கு மூன்று நாள் வயிற்றோட்டமென்றால் மூன்று சோதனைகள் நடக்கின்றன. கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு மூன்று வாரமென்றாலும் ஒரு குளிசைதான். இந்த வேற்றுமையை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நாள்தோறும் அது நடைமுறையில் இருக்கிறது. எழுதப்படாத சட்டத்தை ஒழிப்பதற்குப் பாராளுமன்றத்திற் பெரும்பான்மை வேண்டியதில்லை. பார்ப்பதற்கு மனமும், பார்க்க ஒரு நுணுக்குக்காட்டியும் போதும். அவற்றைக் கொடுக்கும்வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.